கட்-ஆஃபுக்குக் கீழே இருந்தவங்க என்ன ஆனாங்க? ஜிஆர்இ தேர்வின் கதை

1/
எந்தப் பெரிய நுழைவுத் தேர்வு ரிசல்ட் வந்தாலும், அந்த வாரம் என் இன்பாக்ஸுக்கு வர்ற கேள்வி ஒண்ணுதான். "டாக்டர், மார்க் ரொம்பக் கம்மி. மேற்படிப்பு ஆசையை விட்டுடவா?"

ஆறுதல் சொல்றது சுலபம். நான் இங்கே வரலாறு சொல்லப் போறேன். கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேட்போம்: கட்-ஆஃபுக்குக் கீழே இருந்தவங்களை உள்ளே விட்டா என்ன ஆகும்? யாராவது விட்டுப் பார்த்திருக்காங்களா?

பார்த்திருக்காங்க. நீளமான த்ரெட். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

2/
1951-ஆம் வருஷத் தொடக்கம். பென்சில்வேனியாவுல க்ரோசர் இறையியல் கல்லூரியில படிச்சுக்கிட்டிருந்த 22 வயசுப் பையன் ஒருத்தர், டாக்டர் பட்டத்துக்குப் போறதுக்காக ஜிஆர்இ எழுதினார். மொழித்திறன்ல பாதிக்குக் கீழே. கணக்குல கடைசிப் பத்து சதவீதம். அவரோட சொந்தப் பாடமான தத்துவத்துல கடைசி மூணுல ஒரு பங்கு.

பேர்: மார்ட்டின் லூதர் கிங்.

3/
அதே வருஷம் க்ரோசர்ல வகுப்பு முதல் மாணவரா பட்டம் வாங்கினார். பாஸ்டன் யுனிவர்சிட்டியில சேர்ந்து 1955-ல டாக்டர் பட்டமும் வாங்கினார். மொழித்திறன்ல "சராசரிக்குக் கீழே"ன்னு காகிதம் சொன்ன மனுஷன் 1963-ல வாஷிங்டன்ல பேசின பேச்சை உலகம் இன்னும் கேட்டுக்கிட்டிருக்கு.

4/
இந்த இடத்துல நிறைய பேர் ஷேர் பட்டனை அழுத்திட்டுப் போயிடுவாங்க. நில்லுங்க. ஒரே ஒரு பேஷண்ட் குணமானதை வெச்சு மருந்து நல்லதுன்னு நாங்க முடிவு பண்றதில்லை. ஒரே ஒரு மனுஷனை வெச்சு தேர்வு தப்புன்னும் சொல்ல முடியாது.

எதிர்ப்பக்கமும் வாதம் இருக்கு. கிங்கோட ஆய்வேட்டுல மத்தவங்க எழுத்தைச் சரியா குறிப்பிடாம எடுத்தாண்ட பகுதிகள் இருக்குன்னு 1991-ல அந்தப் பல்கலைக்கழகம் அமைச்ச குழுவே சொன்னது. பட்டத்தைத் திரும்ப வாங்கலை, அவ்வளவுதான். ஆக, தனி மனுஷர் கதையை எந்தப் பக்கமும் திருப்பலாம். நமக்கு வேண்டியது ஒரு கூட்டத்தோட கதை.

5/
அதுக்கு முன்னாடி இந்தத் தேர்வு எப்படிப் பிறந்ததுன்னு பார்ப்போம்.

1930-கள்ல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு தலைவலி. ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு மாதிரி மார்க் போடும். ஒரு ஊர்ல வாங்கின 'ஏ' கிரேடும் இன்னொரு ஊர்ல வாங்கின 'ஏ' கிரேடும் ஒண்ணா? யாருக்கும் தெரியாது. கார்னெகி அறக்கட்டளையைச் சேர்ந்த வில்லியம் லெர்னட், மாணவனுக்கு உண்மையில என்ன தெரியும்னு நேரா அளந்து பார்க்கணும்னு நினைச்சார்.

6/
ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா, இந்த நாலும் கை கோத்தன. 1937 அக்டோபர்ல முதல் ஜிஆர்இ நடந்தது.

யாருக்கு நடந்ததுன்னு கவனிங்க. அப்ளை பண்ணினவங்களுக்கு இல்லை. ஏற்கெனவே சேர்ந்து முதல் வருஷம் படிச்சுக்கிட்டிருந்தவங்களுக்கு! பேர்லயே 'ரெக்கார்ட்'னு இருக்கு பாருங்க. இந்தப் பையன் எதுல பலம், எதுல பலவீனம்னு ஒரு பதிவு. எங்க பாஷையில சொன்னா, பேஷண்ட்டை அட்மிட் பண்ணின பிறகு எடுக்கற பேஸ்லைன் டெஸ்ட்.

7/
அந்த டெஸ்ட் எப்போ வாசல் காவலாளி ஆச்சு?

இரண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் ராணுவத்துல இருந்து திரும்பினவங்க அரசு உதவியோட லட்சக்கணக்குல கல்லூரிக்குள்ள நுழைஞ்சாங்க. மேற்படிப்புக்கும் கூட்டம் கூடுச்சு. 1947 கடைசியில இடிஎஸ்-னு ஒரு தேர்வு நிறுவனம் உருவாகி, ஜிஆர்இ அவங்க கைக்குப் போச்சு. கொஞ்ச வருஷத்துல பாடவாரியான பழைய தேர்வைவிட, மொழித்திறன் - கணக்குத்திறன்னு ரெண்டே எண் தர்ற தேர்வு முக்கியமாயிடுச்சு.

8/
இப்ப நீங்க ஒரு துறைத் தலைவர்னு வெச்சுக்குங்க. சீட் 10. விண்ணப்பம் 300. ஒவ்வொண்ணுலயும் மூணு பரிந்துரைக் கடிதம், ஒரு கட்டுரை, மார்க் பட்டியல். ஒழுங்காப் படிக்க ஒரு மாசம் ஆகும். ஆனா ஓரத்துல ஒரு எண் இருக்கு. அந்த எண்படி வரிசைப்படுத்தி ஒரு கோடு போட்டா அஞ்சு நிமிஷத்துல 300 விண்ணப்பம் 60 ஆயிடும்.

கோடு பிறந்த கதை இதுதான். திறமையை அளக்க யாரும் அந்தக் கோட்டைப் போடலை. வேலைப்பளுவைக் குறைக்கப் போட்டாங்க.

9/
வேடிக்கை என்னன்னா, தேர்வை நடத்துற இடிஎஸ்ஸே "ஜிஆர்இ மார்க்கை மட்டும் வெச்சு கட்-ஆஃப் போட்டு யாரையும் நிராகரிக்காதீங்க"ன்னுதான் வழிகாட்டி வெளியிட்டிருக்கு. மருந்துப் பெட்டிக்குள்ள இருக்கற சீட்டு மாதிரி. யார் படிக்கறாங்க?

10/
சரி, அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லையா? இருக்கு. இதை மறைக்கக் கூடாது.

2001-ல கன்செல், ஹெஸ்லெட், ஓன்ஸ் மூணு பேரும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து ஒரு பெரிய மெட்டா அனாலிசிஸ் பண்ணினாங்க. மொத்தம் 82,659 மாணவர்கள். ஜிஆர்இ மார்க்குக்கும் மேற்படிப்புல வாங்கற கிரேடுக்கும் நிஜமாவே தொடர்பு இருந்தது. பாடத் தேர்வுகள் இன்னும் நல்லாவே கணிச்சது. ஆனா படிப்பை முடிப்பாங்களா, ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவாங்களாங்கற கேள்விகளுக்கு வந்தா தொடர்பு பலவீனமாயிடுச்சு.

பரீட்சை, அடுத்த பரீட்சையைக் கணிக்குது. பரீட்சையே இல்லாத வேலையைக் கணிக்கத் தடுமாறுது.

11/
இதுல ஒரு பெரிய புள்ளியியல் ஓட்டை இருக்கு. அது புரிஞ்சாத்தான் மீதிக் கதை புரியும்.

ஒரு ஆஸ்பத்திரியில 103 டிகிரிக்கு மேல காய்ச்சல் இருந்தா மட்டும்தான் அட்மிஷன்னு வெச்சுக்குங்க. மீதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிடறோம். ஒரு வருஷம் கழிச்சு வார்டு நோட்டைப் புரட்டறோம். 103.2 இருந்தவருக்கும் 103.8 இருந்தவருக்கும் பெருசா வித்தியாசம் தெரியலை. உடனே "காய்ச்சல் அளவுக்கும் நோயின் தீவிரத்துக்கும் சம்பந்தமே இல்லை"ன்னு சொல்லலாமா?

கூடாது. வீட்டுக்கு அனுப்பினவங்களுக்கு என்ன ஆச்சுன்னு நாம பார்க்கவே இல்லையே.

12/
கட்-ஆஃப் விஷயத்துல 'வீட்டுக்கு அனுப்பப்பட்டவங்க' யாரு? கோட்டுக்குக் கீழே இருந்தவங்க. அவங்களை உள்ளே விட்டாத்தானே படிச்சிருப்பாங்களா மாட்டாங்களான்னு தெரியும்? விடவே இல்லை. அதனால "தேர்வு ரொம்ப நல்லாக் கணிக்குது"ன்னு சொல்றவங்க கையிலயும் முழு ஆதாரம் இல்லை. "சுத்த வேஸ்ட்"னு சொல்றவங்க கையிலயும் இல்லை.

யாராவது தெரியாத்தனமாவாவது கதவைத் திறந்து விட்டிருந்தாத்தான் உண்டு. அப்படி ரெண்டு தடவை நடந்தது.

13/
முதல் தடவை: 1979, ஹூஸ்டன்.

அமெரிக்காவுல எம்.டி. படிப்புங்கறது ஒரு டிகிரி முடிச்ச பிறகு சேர்ற படிப்பு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தோட ஹூஸ்டன் மருத்துவக் கல்லூரியில சீட் 150. எம்கேட் மார்க்கும் கல்லூரி மார்க்கும் பார்த்து 800 பேரை நேர்காணலுக்குக் கூப்பிட்டு, 1-லேர்ந்து 800 வரைக்கும் ராங்க் போட்டாங்க. முதல் 350 ராங்க்குக்குள்ளயே 150 சீட்டும் நிரம்பிடுச்சு. கதை முடிஞ்சது.

14/
முடியலை. மாநில சட்டமன்றம் திடீர்னு "இன்னும் 50 பேரைச் சேருங்க"ன்னு சொல்லிடுச்சு. டெக்சாஸுக்கு டாக்டர்கள் வேணும்.

அதுக்குள்ள மேல இருந்த நல்ல ராங்க்காரங்கள்லாம் வேற வேற கல்லூரிக்குப் போயிட்டாங்க. மிச்சம் இருந்தது 700-லேர்ந்து 800 வரைக்கும். அடிமட்டம். வேற வழியில்லாம அதுலேர்ந்து 50 பேரை எடுத்தாங்க. அந்த 50 பேர்ல 43 பேருக்கு வேற எந்த மருத்துவக் கல்லூரியும் சீட் தரலை.

யோசிச்சுப் பாருங்க. அடுத்த வருஷமும் இப்படியே நடந்திருந்தா டாக்டர் ஆகியே இருக்க மாட்டாங்க.

15/
முதல் 150 பேரும் இந்த 50 பேரும் ஒரே வகுப்புல உட்கார்ந்தாங்க. அதே பாடம், அதே வார்டு, அதே பரீட்சை. டிவால் குழு அவங்களைப் பின்தொடர்ந்து 1987-ல ஜாமா இதழ்ல ரிசல்ட்டைப் போட்டாங்க.

முதல் ரெண்டு வருஷப் பாடங்கள்: வித்தியாசம் இல்லை.
வார்டு வேலை: வித்தியாசம் இல்லை.
பாதியில விட்டுட்டுப் போனவங்க: வித்தியாசம் இல்லை.
பட்டம் வாங்கின பிறகு முதல் வருஷப் பயிற்சி: அதுலயும் வித்தியாசம் இல்லை.

16/
இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, நேர்மையாச் சொல்லிடணும். இந்த ரெண்டு குழுவையும் பிரிச்சது மார்க் மட்டும் இல்லை. மார்க், பின்னணி எல்லாம் சேர்த்தாலும் வித்தியாசத்துல 28 சதவீதத்தைத்தான் விளக்குச்சு. மீதி 72 சதவீதம் நேர்காணல்ல தேர்வுக்குழுவுக்கு யாரைப் பிடிச்சது, யாரைப் பிடிக்கலைங்கறது. 50 பேருமே நேர்காணல் வரை வர்ற அளவுக்கு மார்க் வெச்சிருந்தவங்கதான்.

அதனால ஹூஸ்டன் நமக்குச் சொல்றது இவ்வளவுதான்: ஓரளவு அடிப்படை இருக்கற கூட்டத்துக்குள்ள 50-வது ராங்க்குக்கும் 750-வது ராங்க்குக்கும் நடுவுல நாம பார்க்கற மலை, பெரும்பாலும் நம்ம கண்ணுல இருக்கற மலை.

17/
அப்போ மார்க் நிஜமாவே அடிமட்டத்துல இருந்தா? அதுக்குத்தான் ரெண்டாவது கதவு.

இடம்: டென்னசி மாநிலம், நாஷ்வில். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம், உயிர்மருத்துவ பிஎச்டி. அங்கே வாய்ப்புக் குறைஞ்ச சமூகங்கள்லேர்ந்து வர்ற மாணவர்களுக்காக ஒரு தனித் திட்டம் இருந்தது. ஜிஆர்இ மார்க்கை வாங்கி வெச்சுக்குவாங்க. ஆனா தேர்வு செய்யும்போது அதைப் பார்க்கவே மாட்டாங்க.

18/
2007 முதல் 2011 வரைக்கும் அப்படிச் சேர்ந்து, 2018-க்குள்ள முடிச்சவங்க 29 பேர். அவங்க ஜிஆர்இ பர்சென்டைல் எங்கேர்ந்து எங்கே தெரியுமா? 1-லேர்ந்து 91 வரைக்கும். ஒண்ணு! நூறு பேர் எழுதினா தொண்ணூத்தொன்பது பேர் அவருக்கு மேலே.

2019-ல பிளோஸ் ஒன் இதழ்ல ரிசல்ட் வந்தது. எத்தனை கட்டுரை வெளியிட்டாங்க, எத்தனை வருஷத்துல முடிச்சாங்க, ஃபெலோஷிப் கிடைச்சதா, வழிகாட்டிப் பேராசிரியர் என்ன மதிப்பீடு கொடுத்தார் - எதுக்கும் ஜிஆர்இ மார்க்கோட தொடர்பு இல்லை.

19/
அதே வாண்டர்பில்ட்ல வழக்கமான முறையில சேர்ந்த 683 பேரையும் 2017-ல ஆராய்ஞ்சிருந்தாங்க. முதல் செமஸ்டர் கிரேடை ஜிஆர்இ ஓரளவு கணிச்சது. பட்டம் வாங்குவாரா, எப்போ முடிப்பார், முதல் ஆசிரியரா எத்தனை கட்டுரை எழுதுவார்னு கேட்டா கையை விரிச்சிடுச்சு.

20/
எதிர்வாதத்தையும் கேளுங்க. 29 பேர் ரொம்பச் சின்ன எண்ணிக்கை. ஒரே பல்கலைக்கழகம். அந்தத் திட்டத்துல மாணவர்களுக்குக் கைகொடுக்க ஆட்கள் இருந்தாங்க. எல்லா இடத்துலயும் அப்படி இருக்காது.

இயற்பியல் பிஎச்டி மாணவர்களை வெச்சு 2019-ல இதே மாதிரி முடிவு சொன்ன ஒரு பெரிய ஆய்வு வந்தப்போ, வைஸ்மேன்-ங்கற இயற்பியலாளர் கடுமையா மறுப்பு எழுதினார். அவர் சொன்னதுல ஒரு பாயிண்ட் முக்கியம்: மார்க் கம்மியா இருந்தும் ஒருத்தருக்கு சீட் கிடைச்சிருக்குன்னா, அவர்கிட்ட வேற ஏதோ ஒண்ணு ரொம்பப் பலமா இருந்திருக்கும். அந்தப் பலம்தான் பின்னாடி அவரைக் காப்பாத்துது. மார்க்குக்கு அர்த்தம் இல்லைன்னு ஆகாது.

21/
நியாயமான வாதம். ஆனா அதையே உங்க பக்கத்துலேர்ந்து படிச்சுப் பாருங்க. மார்க் கம்மியா இருந்து உள்ளே போறவங்க, வேற ஏதோ ஒண்ணால போறாங்க. அந்த 'வேற ஏதோ ஒண்ணை' கட்-ஆஃப் கோட்டால பார்க்க முடியாது. ஒருத்தர் உட்கார்ந்து ஃபைலைப் படிச்சாத்தான் கண்ணுல படும்.

22/
அதை அமைப்பாவே செஞ்சு காட்டினவங்களும் நாஷ்வில்லதான். ஃபிஸ்க் பல்கலைக்கழகம் 1866-ல, அடிமை முறை ஒழிஞ்ச கையோட, கறுப்பின மக்களுக்காக ஆரம்பிச்சது. 2004-ல ஃபிஸ்க்கும் வாண்டர்பில்ட்டும் சேர்ந்து ஒரு 'பாலம்' போட்டாங்க. நேரா பிஎச்டிக்குப் போக முடியாதவங்க முதல்ல ஃபிஸ்க்ல மாஸ்டர்ஸ். அந்த ரெண்டு வருஷத்துல வாண்டர்பில்ட் வகுப்புலயும் உட்காருவாங்க, லேப்லயும் வேலை செய்வாங்க. அப்புறம் அங்கேயே பிஎச்டி.

பரீட்சை எண்ணுக்குப் பதிலா ரெண்டு வருஷ வேலையைப் பார்த்து முடிவு. எங்க ஆளுங்க 'அப்சர்வேஷன்'ல வெச்சுப் பார்க்கறதுன்னு சொல்வோமே, அதுதான்.

23/
அந்தப் பாலத்தை நடத்தின ஸ்டாசனும், அவரோட சேர்ந்து மில்லரும் 2014-ல நேச்சர் இதழ்ல இந்தக் கட்-ஆஃப் முறையைத் தாக்கி எழுதினாங்க. பெண்களையும் சிறுபான்மையினரையும் இந்தக் கோடு அதிகமா வெளியே தள்ளுதுங்கறது அவங்க வாதம். அமெரிக்க வானியல் சங்கமும் ஜிஆர்இயைக் கட்டாயமாக்காதீங்கன்னு துறைகளுக்குச் சொல்லுச்சு. அடுத்த சில வருஷத்துல உயிரியல் துறைகள் வரிசையா விலக ஆரம்பிச்சு, 'ஜிஆர்எக்ஸிட்'னு பேரே வந்துடுச்சு. 2020-ல கொரோனா வந்து தேர்வு மையங்களை மூடினதும் அந்த வேகம் இன்னும் கூடுச்சு.

24/
"அப்போ தேர்வையே எடுத்துட்டா எல்லாம் சரியாயிடுமா?" இல்லைங்க. தேர்வு போனா அந்த இடத்துக்கு வேற ஒண்ணு வந்து உட்காரும். பெரிய கல்லூரிப் பேர், பெரிய பேராசிரியரோட கடிதம். சின்ன ஊர்ல படிச்ச பிள்ளைக்கு அது ரெண்டும் கிடையாது.

டார்ட்மவுத் கல்லூரி 2024-ல இளநிலைச் சேர்க்கைக்கு எஸ்ஏடி தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தது. தேர்வு விருப்பம்னு இருந்த காலத்துல, வசதி குறைஞ்ச பிள்ளைங்க தங்களுக்கு உதவியிருக்கக்கூடிய மார்க்கைக்கூட "கம்மி"ன்னு நினைச்சு மறைச்சிட்டாங்கன்னு கண்டுபிடிச்சதுதான் காரணம். ஹூஸ்டனை மறக்காதீங்க. அங்கே அதிகமா ஏமாத்தினது மார்க் இல்லை, நேர்காணல்.

25/
நம்ம ஊருக்கு வருவோம். 2023 செப்டம்பர்ல நீட் பிஜி கட்-ஆஃபை எல்லாப் பிரிவுக்கும் ஜீரோ பர்சென்டைல் ஆக்கினாங்க. காரணம்? சீட்டுகள் காலியாக் கிடந்தது. ஜீரோ எடுத்தா எந்த சீட்டும் கிடைக்கும்னு அர்த்தம் இல்லை. ராங்க்படிதான் ஒதுக்கீடு. ஆனா முந்தின நாள் வரைக்கும் 'தகுதி இல்லை'ன்னு முத்திரை வாங்கினவர் மறுநாள் 'தகுதி உண்டு' ஆயிட்டார். ராத்திரியோட ராத்திரியா அவர் மூளையில எதுவும் மாறலை. கோடுதான் நகர்ந்தது.

ஹூஸ்டன்ல சட்டமன்றம் நகர்த்துச்சு. இங்கே காலி சீட் நகர்த்துச்சு. கோடு சீட் எண்ணிக்கையைச் சொல்லுது. கீழே நிக்கற மனுஷனைப் பத்தி அதுக்கு ரொம்பத் தெரியாது.

26/
"டாக்டர் படிப்புல போய் இப்படி ரிஸ்க் எடுக்கலாமா?"ன்னு கேட்பீங்க. நல்ல கேள்வி. ஹூஸ்டன்ல அந்த 50 பேருக்கும் தனி வினாத்தாள் கிடையாது. உள்ளே வர்ற வாசலைத்தான் அகலப்படுத்தினாங்க. வெளியே போற வாசல் எல்லாருக்கும் ஒண்ணுதான். நோயாளியைக் காப்பாத்தறது அந்த ரெண்டாவது வாசல். அதைத் தளர்த்தினா முதல் ஆளா நான் எதிர்ப்பேன்.

27/
இப்போ, மார்க் கம்மின்னு மெசேஜ் போட்டவங்களுக்கு:

அ) ஜிஆர்இ எழுதறவங்க முதல்ல அந்தத் துறையோட இணையதளத்தைப் படிங்க. கேட்கறாங்களா, விருப்பமா, பார்க்கவே மாட்டாங்களா? ஒரே பல்கலைக்கழகத்துலயே துறைக்குத் துறை மாறும். 200 டாலருக்கு மேல கட்டி மறுபடி எழுதறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

ஆ) உங்க வேலையை நிஜமாப் பார்த்த ஒருத்தர்கிட்ட கடிதம் வாங்குங்க. வட கரோலினா பல்கலைக்கழகத்துல 280 உயிர்மருத்துவ மாணவர்களை 2017-ல ஆராய்ஞ்சாங்க. யார் நிறையக் கட்டுரை எழுதப் போறாங்கன்னு ஜிஆர்இ சொல்லலை, கிரேடு சொல்லலை, நேர்காணலும் சொல்லலை. கூடவே வேலை பார்த்தவங்க கொடுத்த மதிப்பீடுதான் சொல்லுச்சு. பதவி பெருசா இருக்கறதைவிட, உங்களைத் தெரிஞ்சவரா இருக்கறது முக்கியம்.

28/
இ) மார்க் கம்மியானது எந்தப் பகுதியிலன்னு பாருங்க. இயற்பியலுக்குப் போறவருக்குக் கணக்குல ஓட்டை இருந்தா அது நிஜமான ஓட்டை. அடைக்கணும். ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்லை. 1937-ல அந்தத் தேர்வு எதுக்குப் பிறந்ததோ, அந்த வேலைக்கு அதைப் பயன்படுத்துங்க. உங்க பேஸ்லைன் ரிப்போர்ட் அது. தீர்ப்பு இல்லை.

ஈ) பெற்றோருக்கு: ரிசல்ட் வந்த அன்னிக்கு வீட்டுல பேசற வார்த்தையில கவனம். பிள்ளை தூங்காம, சாப்பிடாம, "எல்லாம் முடிஞ்சுது"ன்னு பேசினா அதை நடிப்புன்னு நினைக்காதீங்க. உடனே கூட உட்காருங்க. தேவைப்பட்டா மனநல மருத்துவரைப் பாருங்க.

29/
கடைசியா, தேர்வுக்குழுவுல உட்கார்றவங்களும் இதைப் படிக்கறீங்கன்னு தெரியும். 300 ஃபைல் படிக்க நேரம் இல்லைங்கறது உண்மை. கோடு போடாம முடியாதுங்கறதும் பல இடத்துல உண்மை. போடுங்க. ஆனா கோட்டுக்குக் கீழே இருந்து பத்து ஃபைலை எடுத்து முழுசாப் படிச்சுப் பாருங்க.

ஹூஸ்டன்ல அந்த 43 பேரை அமெரிக்காவுல எந்தக் கல்லூரியும் வேணாம்னு சொல்லுச்சு. படிச்சாங்க. வார்டுல வேலை செஞ்சாங்க. 35-வது ராங்க்கா 735-வது ராங்க்கான்னு பேஷண்ட்டுக்கும் தெரியாது, பக்கத்துல நின்ன சீனியருக்கும் தெரியாது.

கேள்வி இருந்தா கீழே கேளுங்க. ஓபி முடிச்சுட்டு வந்து பதில் சொல்றேன்.